கஞ்சிக்கு விளக்கமறியல், கச்சேரிக்கு நிதியுதவி

அரிசி, தண்ணீர், உப்பு. வாய்த்தால் கொஞ்சம் தேங்காய்ப்பால். 2009இன் முதல் ஐந்து மாதங்களில் ஊர் ஊராகப் பெயர்ந்து, கடைசியில் முள்ளிவாய்க்கால் என்கிற கடற்கரைத் துண்டுக்குள் அடைபட்டுப்போன சனம் உயிரைப் பிடித்து வைத்திருந்தது இந்தக் கஞ்சியில்தான். சாப்பாட்டுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற இடத்திலேயே செல் விழுந்து செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி, தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பெரிய மேடை இல்லை, நீண்ட பேச்சு இல்லை. ஒரு சிரட்டைக் கஞ்சி. அது தொண்டையில் இறங்கும்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும்.

2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். யுத்தம் முடிந்து 15 வருடம் கழித்து. ஒரு பானை கஞ்சிக்காக.

இப்போது அதே நாட்டின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். ‘நல்லிணக்கத்துக்கான கலை விழா’ என்று போட்டு வருடக்கணக்கில் எத்தனை நிகழ்ச்சி நடந்திருக்கும்! அதற்கு ஒரு வாய்பாடே உண்டு. ஒரு பக்கம் கண்டிய நடனக்காரர்களின் மேளம், மறுபக்கம் தவிலும் நாதஸ்வரமும், நடுவில் ஒரு கிட்டார். நான்கு மத உடுப்பில் நான்கு பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள். தூதரகத்தில் இருந்து ஒருவர் வந்து குத்துவிளக்கு ஏற்றுவார். பின்னால் தொங்குகிற பதாகையில் மூன்று மொழியும் இருக்கும். தமிழில் மட்டும் எழுத்துப்பிழை இருக்கும். கடைசியில் வெள்ளைப் புறா. புறாவுக்குப் பிறகு சிற்றுண்டி.

எங்கடை ஊரில் கச்சேரி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று பாட்டுக் கச்சேரி. மற்றது காணிப் பத்திரத்துக்கும் பதிவுக்கும் சனம் அலைந்து திரிகிற அரசாங்கக் கச்சேரி. நல்லிணக்கம் என்ற பெயரில் நடப்பது இரண்டும் கலந்த ஒன்று. பாட்டுக் கேட்கும், ஆனால் உங்கள் மனு மட்டும் எப்போதும் ‘பரிசீலனையில்’ இருக்கும்.

என்னுடைய வாதத்தை நேராகவே வைக்கிறேன். கலைக்கு நல்லிணக்க வேலையைக் கொடுப்பதை நிறுத்துங்கள். நீதிமன்றம் செய்யவேண்டியதை, பாராளுமன்றம் செய்யவேண்டியதை, காணி அலுவலகம் செய்யவேண்டியதைப் பாட்டும் கூத்தும் செய்யாது. செய்யச் சொல்லிக் கேட்பது கலை மேல் உள்ள மரியாதையால் அல்ல, செய்யவேண்டியவன் தப்பித்துக்கொள்வதற்காக. போருக்குப் பிந்திய நாட்டில் கலைக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அது கணக்கை மூடுவதில்லை. மூடவிடாமல் வைத்திருப்பது.

‘இணங்கிப் போ’

நல்லிணக்கம் என்ற சொல்லையே கொஞ்சம் தட்டிப் பாருங்கள். இணக்கம், இணங்குதல். இந்தச் சொல்லை எங்கள் வீடுகளில் யாருக்குச் சொல்லுவார்கள்? அடிக்கிற புருசனுக்குச் சொல்லமாட்டார்கள். அடி வாங்கித் தாய்வீட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணுக்குத்தான் சொல்லுவார்கள். “கொஞ்சம் இணங்கிப் போ பிள்ளை, நாலு பேர் பார்க்கினம்.” முன்னால் ஒரு ‘நல்’ சேர்த்துவிட்டதால் அந்தச் சொல்லின் குணம் மாறிவிடுமா?

மாறவேண்டும் என்றால் முதலில் நடந்ததை நடந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, இறுதிக்கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. அந்த எண்ணை ஏற்கவேண்டாம், விவாதிக்கலாம். ஆனால் விவாதிக்கவாவது ஒரு இடம் வேண்டுமே? அரசாங்கம் தானே நியமித்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ 2011 டிசம்பரில் வெளியான அறிக்கையில் இரண்டு எளிய விசயம் சொன்னது. தேசிய கீதத்தை இரண்டு மொழியிலும் பாடும் வழக்கம் தொடரட்டும். சுதந்திர தினத்தில் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் தனியாக ஒரு நிகழ்வு வையுங்கள். இரண்டும் கலை, பண்பாடு சார்ந்த பரிந்துரைகள்தான். பத்துச் சதம் செலவில்லை.

என்ன நடந்தது? பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கிய தேசிய கீதம் 2016 பெப்ரவரி 4இல்தான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அரச விழாவில் பாடப்பட்டது. ஆட்சி மாறியதும் 2020இல் நிறுத்தினார்கள். அதே மெட்டு, அதே அர்த்தம், மொழி மட்டும் வேறு. ஒரு பாட்டின் மொழிபெயர்ப்பைத் தாங்கமுடியாத அரசுதான் எங்களுக்கு இசை மூலம் நல்லிணக்கம் சொல்லித்தர வருகிறது.

எது நிற்கலாம், எது நிற்கக்கூடாது

வடக்கில் பொது இடத்துச் சிற்பங்களைக் கவனித்தாலே இந்தக் கலைக்கொள்கை விளங்கும். கிளிநொச்சி நகர நடுவில் ஒரு பெரிய கொங்கிரீட் கட்டி. அதில் ஒரு எறிகணை பாய்ந்து வெடிப்பு விட்டிருக்கிறது. மேலே தாமரை பூத்திருக்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் நீருக்கு நடுவில் ஒரு பிரமாண்டமான இராணுவ வீரன், கையில் துவக்கும் கொடியும். கலை என்றே வைத்துக்கொள்வோம். இந்தச் சிற்பங்கள் யாரோடு பேசுகின்றன? அந்த வீதியால் தினமும் சைக்கிளில் போகிற, பிள்ளையைத் தொலைத்த தாயிடமா? அவளிடம் இது என்ன சொல்கிறது? “நீ பிளக்கப்பட்ட கல், நாங்கள் பூத்த பூ.”

மறுபக்கம், இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை இராணுவம் புல்டோசர் போட்டுக் கிளறியது. கோப்பாயில் அந்த இடத்திலேயே இராணுவத் தலைமையகம் கட்டினார்கள். புலிகளை வெறுக்கிறவர்கள்கூட ஒன்றை ஒத்துக்கொள்வார்கள்: அந்தக் குழிகளுக்குள் கிடந்தது யாரோ ஒரு தாயின் பிள்ளை. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. இடித்தது இராணுவம்கூட இல்லை, பல்கலைக்கழக நிருவாகம். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாளே புதிய அடிக்கல் வைக்கவேண்டி வந்தது. சில மாதத்தில் தூபி திரும்ப எழுந்தது. நல்லிணக்கச் செயலமர்வு எதுவும் இதைச் செய்யவில்லை. பசியோடு வாசலில் இருந்த பிள்ளைகள் செய்தார்கள்.

தமிழர்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 1980களின் இறுதியில் தெற்கில் ஜேவிபி கிளர்ச்சியை அடக்கியபோது எம்பிலிப்பிட்டியில் பள்ளிக்கூடப் பெடியன்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்கள் நினைவாகப் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஓவியர் ஜகத் வீரசிங்க ஒரு நினைவிடம் வடிவமைத்தார். சந்திரிகா காலத்தில் கட்டியது. போர் முடிந்து நகர அழகுபடுத்தல் வந்தபோது பூங்காவுக்காக அதையும் அகற்றிவிட்டார்கள். சிங்களப் பிள்ளைகளின் நினைவுக்கும் இதுதான் கதி. அதனால் பிரச்சினை இனம் மட்டுமில்லை. கொன்றவன் அரசு என்றால், செத்தவன் எந்த மொழி பேசினாலும் அவனுக்குக் கல் கிடையாது.

ஆட்களையும் பாருங்கள். சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகக் கைதானார். பௌத்த பிக்குகள் முறையிட்டார்கள். அனைத்துலக உரிமைச் சாசனத்தை உள்நாட்டில் நடைமுறைப்படுத்தக் கொண்டுவந்த சட்டத்தையே அவர் மேல் பாய்ச்சினார்கள். உரிமையைக் காக்க வந்த சட்டம் ஒரு கதாசிரியனை உள்ளே போட்டது! அடுத்த வருடம், 2020 மே மாதம், மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். அவை வன்முறைக்கு எதிரான கவிதைகள் என்று தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேட்க ஆளில்லை. 19 மாதம் கழித்துத்தான் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. தமிழ்க் கவிதையைத் தமிழில் வாசிக்கத் தெரியாத ஒரு அமைப்பு, வாசிக்காமலேயே அதற்குத் தண்டனை கொடுத்து முடித்துவிட்டது.

கஞ்சி, தூபி, சிறுகதை, கவிதை. தானாக முளைத்த கலை எல்லாவற்றுக்கும் பொலிஸ். அனுமதி வாங்கி வந்த கலைக்கு மட்டும் பூச்செண்டு.

எது முந்தி, எது பிந்தி

“அப்ப தென்னாபிரிக்காவில் கலை உதவவில்லையா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. உதவியது. ஆனால் வரிசையைப் பாருங்கள். 1996 ஏப்ரலில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு பகிரங்க விசாரணையைத் தொடங்கிவிட்டது. கொலைகாரன் மைக் முன்னால் இருந்து எப்படிக் கொன்றேன் என்று சொன்னான். அது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் போனது. அடுத்த வருடம் ஜேன் டெய்லர் எழுதி வில்லியம் கென்ட்ரிட்ஜ் இயக்கிய ‘உபுவும் உண்மை ஆணைக்குழுவும்’ நாடகம் வந்தது. ஹேண்ட்ஸ்பிரிங் குழுவின் மரப்பொம்மைகள் அதில் சாட்சி சொல்லின. உண்மை சபைக்கு வந்த பிறகு, அதைத் தாங்குவது எப்படி, சாட்சியை வேடிக்கையாக்காமல் கேட்பது எப்படி என்று அந்தக் கலை யோசித்தது. மன்னிப்பு மறுக்கப்பட்டவர்களில் மிகச் சிலர்தான் பிறகு நீதிமன்றம் ஏறினார்கள் என்ற குறை அங்கே இன்றும் இருக்கிறது. ஆனாலும் அங்கே பொம்மை பேசுவதற்கு முதல் மனிதர்கள் பேசிவிட்டார்கள்.

இலங்கையில் நடப்பது தலைகீழ். மனிதர்கள் பேசத் தடை, பொம்மலாட்டத்துக்கு அனுமதி. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். அந்தப் போராட்டம் ஆயிரம் நாளையும் தாண்டி வருடக்கணக்கில் போய்விட்டது. கேட்ட பதில் கிடைக்காமலே செத்துப்போன தாய் தகப்பன் எத்தனையோ பேர். அந்தக் கொட்டிலைத் தாண்டிப் போய்த்தான் ‘குணமாக்கும் கலை’ பற்றிய செயலமர்வுக்கு வருகிறார்கள். காயத்தில் குண்டுத்துண்டு இன்னும் இருக்கிறது, நீங்கள் மருந்து கட்ட வருகிறீர்கள். முதலில் துண்டை எடுங்கோவன்.

எங்கள் வீட்டுக்குள்

இதுவரை வாசித்துவிட்டுத் தலையாட்டிய தமிழ் வாசகருக்கு இனித்தான் கஷ்டம்.

நினைவு கூரும் உரிமையை அரசிடம் கேட்கிற நாங்கள், எங்கள் வீட்டுக்குள் அதை எவ்வளவு கொடுத்தோம்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த, ‘தோழி’ என்ற இதழை நடத்திய கவிஞர் செல்வியை 1991 ஆகஸ்டில் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1992இல் சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு எழுத்துச் சுதந்திரத்துக்கான விருதைக் கொடுத்தது. வாங்க ஆள் இல்லை. அவர் திரும்பி வரவேயில்லை. செல்வியும் காணாமல் ஆக்கப்பட்டவர்தான். எங்கள் பட்டியல்களில் அவர் பெயரை எத்தனை பேர் சேர்க்கிறோம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டே மணித்தியால அவகாசம். அதற்கு ஒரு கல்லாவது யாழ்ப்பாண நகரில் நாங்கள் நட்டோமா?

2018இல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவிலிருந்து ஜூட் ரத்னத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ ஆவணப்படம் எதிர்ப்புக்குப் பயந்து விலக்கப்பட்டது. அது 2017இல் கான் விழாவில் காட்டப்பட்ட படம்; 1983ஐயும் பேசுகிறது, தமிழ் இயக்கங்கள் ஒருவரையொருவர் கொன்றதையும் பேசுகிறது. படத்தில் பிழை இருக்கலாம். எனக்கும் அதன் அரசியலோடு சண்டை இருக்கிறது. ஆனால் பிழை என்றால் படத்தைப் போட்டுவிட்டுப் பிழை சொல்லுங்கள். போடவிடாமல் பிழை சொல்வது பொலிஸ் வேலை. சம்பூரில் கஞ்சிப் பானையை மூடியவனும் அதையேதான் சொன்னான்: “இது பிரச்சினையைக் கிளப்பும்.”

தமிழ்நாட்டு நண்பர்களும் தப்பமுடியாது. 2014 ஜூனில் பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’ படத்தை மிரட்டலால் சென்னைத் திரையரங்குகளிலிருந்து எடுத்தார்கள். காரணம்? இயக்குநர் சிங்களவர். அந்தப் படத்தின் கதை என்ன தெரியுமா? தஸ்தயெவ்ஸ்கியின் ஒரு கதையைத் தழுவியது. மலையகத்து நகரமொன்றில் அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவன், வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணைக் கலியாணம் கட்டுகிறான். அன்பும் வருகிறது. பிறகு அவன் முன்னாள் இராணுவ வீரன் என்பது அவளுக்குத் தெரியவருகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அவள் பிழைப்பதுமில்லை. அன்பு இருந்தால் எல்லாம் சரியாகும் என்கிற நல்லிணக்கப் பொய்யை இவ்வளவு நிதானமாக உடைத்த படம் குறைவு. அதுவும் ஒரு சிங்களவர் எடுத்தது. எங்கள் பக்க வாதத்தை எங்களைவிட நன்றாகச் சொன்ன படத்தைத்தான் எங்கள் ஆட்கள் விரட்டினார்கள். பார்க்காமலே.

ஒரு கையெழுத்து

அப்படியானால் நல்ல வேலை செய்த கலை எது? எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒரு படைப்பால் எதிரிக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று நான் பார்ப்பதில்லை. அது சுலபம். கலைஞனின் சொந்த வீட்டில் யாருக்குக் கோபம் வந்தது என்று பார்க்கிறேன்.

அதே பிரசன்ன விதானகே 1997இல் ‘புரஹந்த களுவர’ எடுத்தார். ஒரு சிங்களக் கிராமம். கண் தெரியாத கிழவர். இராணுவத்துக்குப் போன மகன், சீல் வைத்த பெட்டியாகத் திரும்பி வருகிறான். திறக்கக்கூடாது என்பது உத்தரவு. ஊர் அழுகிறது, பிக்கு கிரியை செய்கிறார், நட்டஈட்டுப் பத்திரம் வருகிறது. கிழவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். மகன் செத்தான் என்று அவர் நம்பவில்லை. குடும்பத்துக்குக் காசு வேண்டும், கடன் இருக்கிறது. ஆனாலும் மாட்டேன் என்கிறார். கடைசியில் மண்வெட்டி எடுத்துப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் மகனின் உடல் இல்லை.

2000ஆம் ஆண்டு அரசாங்கம் இந்தப் படத்தைத் தடுத்தது. அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் தடையை நீக்கச் சொன்னது. படத்துக்குக் காசு போட்டது ஜப்பானின் என்எச்கே. அதனால் வெளிநாட்டுக் காசு வந்தாலே கலை கெட்டுவிடும் என்ற வாதம் எனக்கில்லை. அந்தக் காசு பெட்டியைத் திறக்கச் செலவானதா, மூடி வைக்கச் செலவானதா என்பதுதான் கேள்வி.

இனி வன்னிக்கு வாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம் என்று ஒன்றை அமைத்து, மரணச் சான்றிதழ் வாங்குங்கள், நட்டஈடு வாங்குங்கள் என்று தாய்மாரிடம் அரசு சொல்கிறது. தாய்மார் என்ன சொல்கிறார்கள்? “கையில் குடுத்த பிள்ளையை முதல்ல காட்டுங்கோ.” கையெழுத்து மாட்டோம் என்கிறார்கள். வறுமை இருக்கிறது, கடன் இருக்கிறது, ஆனாலும் மாட்டோம்.

அந்தச் சிங்களக் கிழவரும் இந்தத் தமிழ்த் தாயும் சொல்வது ஒரே வசனம். பெட்டியைத் திற, பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்போம். தெற்கும் வடக்கும் சந்திக்கிற இடம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது என்றால் அது இந்த மறுப்பில் இருக்கிறது. இதை எந்த நல்லிணக்க விழாவும் உண்டாக்கவில்லை. ஒருவர் தன் இனத்தின் வீர மரணக் கதையைத் தோண்டிப் பார்க்கத் துணிந்ததால் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஓவியர் தா. சனாதனன் செய்ததை இதன் பக்கத்தில் வைப்பேன். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. 2011இல் வந்த அவருடைய ‘முழுமையற்ற தோம்பு’ நூலில், இடம்பெயர்ந்த வடபகுதி மக்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுகிறார்கள். கோணல்மாணலான கோடுகள். அதற்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் போட்ட நேர்த்தியான வரைபடம், பிறகு ஓவியரின் சித்திரம். அழுகை இல்லை, முழக்கம் இல்லை. கிணறு இங்கே, சாமியறை இங்கே. ஆனால் வாசித்து முடித்தால் கையில் இருப்பது ஒரு காணி உறுதி. கச்சேரியில் தொலைந்துபோன உறுதி. இது இணங்கிப் போகச் சொல்கிற கலை இல்லை. திருப்பித் தா என்று மெதுவாகச் சொல்கிற கலை.

மொட்டைத் தலை

2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். மனைவி சந்தியா எக்னெலிகொட அன்றிலிருந்து நீதிமன்றப் படி ஏறுகிறார். 2011 ஜனவரியில் காலி இலக்கிய விழா நடந்தது. ஆங்கிலத்தில் நடக்கிற, உலகப் பெயர்கள் வந்துபோகிற விழா. இலங்கையில் எழுத்தாளர்கள் நடத்தப்படும் விதத்தைச் சொல்லி, அதில் கலந்துகொள்வதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று சோம்ஸ்கி, அருந்ததி ராய் போன்றோர் அந்த வருடம் கையெழுத்திட்டார்கள். சந்தியா அங்கே போய், வந்தவர்களிடம் தன் கணவரைப் பற்றித் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். இலக்கியம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், அன்று காலியில் வாசிக்கப்பட்டவற்றில் அந்தத் துண்டுப்பிரசுரத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

2022 ஜனவரியில், 12 வருடம் நிறைந்தபோது, அவர் கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலுக்குப் போய்த் தலையை மழித்துக்கொண்டார். சிங்கள பௌத்தப் பெண், தமிழர் கும்பிடுகிற காளியிடம் நீதி கேட்டு நிற்கிறார். வடக்கின் தாய்மாரோடும் பல தடவை அவர் சேர்ந்து நின்றிருக்கிறார். பண்பாட்டுப் பரிமாற்றம் என்கிறார்களே, இதற்கு மேல் எது? மனிதர் தங்கள் துயரத்துக்கு ஒரு வடிவம் தேடும்போது பக்கத்து வீட்டுச் சடங்கை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குச் செயலமர்வு தேவைப்படவில்லை.

அதே வருடம் மே 18இல் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டது. கஞ்சியும் பரிமாறப்பட்டது. கொழும்பின் நடுவில், சிங்கள இளைஞர்கள் கையில் அந்தக் கஞ்சி! மிகைப்படுத்தமாட்டேன். அங்கே நின்ற எல்லோருக்கும் எல்லாம் விளங்கியது என்றில்லை. எரிவாயு வரிசையும் எரிபொருள் வரிசையும் தெற்கை வந்து தொட்ட பிறகுதான் வரிசையில் நின்று செத்தவர்களின் கதை அங்கே காதில் ஏறியது. ஆனால் ஏறியது. அதுவும் அரசை எதிர்த்து நின்ற இடத்தில், அரசின் அனுமதி கேட்காமல். இரண்டே வருடத்தில் சம்பூரில் அதே கஞ்சிக்குக் கைது. கஞ்சி ஏன் ஆபத்தானது என்று இப்போது விளங்கும்.

“அப்ப ஒன்றும் செய்யக்கூடாதா?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நியாயமானதும்கூட. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரு முகாமில் மூன்று நாள் சேர்ந்து நாடகம் போட்டால் அதில் என்ன கெடுதல்? ஒரு கெடுதலும் இல்லை. அந்த மூன்று நாளில் இரண்டு பேர் ஆளுக்காள் நண்பராகியிருக்கலாம். அது பெரிய விசயம். ஆனால் அதற்கு நல்லிணக்கம் என்று பெயர் வைத்து அறிக்கை எழுதி, ஜெனீவாவில் “பாருங்கள், முன்னேற்றம்” என்று காட்டும்போது அந்தப் பிள்ளைகளின் நட்பை நீங்கள் திருடுகிறீர்கள். நாடகமுகாம் நடக்கட்டும். அதை நீதிக்குப் பதிலாக எழுதாதீர்கள்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சிலர் பிறந்தே இருக்கமாட்டீர்கள். உங்களிடம்தான் இனி இந்த அழைப்பிதழ்கள் வரும்: கவிதை வாசிக்க வாருங்கள், படம் காட்டுங்கள், சுவரில் ஓவியம் வரையுங்கள். போங்கள். ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். இந்த மேடையில் கொன்றவர் யார் என்று சொல்லலாமா? சொன்னால் நிகழ்ச்சிக்குப் பிறகு எனக்கு ஏதாவது நடந்தால் நீங்கள் நிற்பீர்களா? எங்கள் ஆட்கள் செய்த கொலையையும் நான் இங்கே சொல்லலாமா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும் அது அலங்கார மேடை. அலங்காரத்துக்குப் பூ போதும், கவிஞன் தேவையில்லை.

செய்யவேண்டிய வேலை ஒன்று, மேடையே இல்லாமல், வருடக்கணக்காகக் கிடக்கிறது. மொழிபெயர்ப்பு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’வை எம்.எம். உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழுக்குத் தந்தார். இன்று எம். ரிஷான் ஷெரீப் சிங்களத்திலிருந்து தொடர்ந்து கொண்டுவருகிறார். சுநேத்ரா ராஜகருணாநாயகவின் ‘அம்மாவின் ரகசியம்’ அப்படி வந்ததுதான். தமிழிலிருந்து சிங்களத்துக்கு மடுளுகிரியே விஜேரத்ன போன்றவர்கள் ஏராளம் செய்தார்கள். இப்படி ஒரு சிலர், அதுவும் பெரும்பாலும் தங்கள் சொந்த நேரத்தில். 1981இல் யாழ். நூலகம் எரிந்தபோது எம்.ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ எழுதினார். அந்தத் தீயை ஒரு பௌத்தனின் மனசாட்சிக்கே நேராகப் பிடித்த கவிதை அது. அப்படியான கவிதைகள் ஒவ்வொரு சிங்களப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கவேண்டும். எம்பிலிப்பிட்டிப் பிள்ளைகளின் கதை எங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் இருக்கவேண்டும். இதைக் கேட்டால் காசில்லை என்கிறார்கள். புறாவுக்கு இருக்கிறதே?

கூட்டாகச் செய்ய இன்னொன்றும் உண்டு. அஹ்னாஃப் உள்ளே போனபோது எத்தனை சிங்களக் கவிஞர்கள் கத்தினார்கள்? சத்குமார உள்ளே போனபோது எத்தனை தமிழ் எழுத்தாளர்கள் ஒரு வரியாவது எழுதினோம்? அடுத்த கைது வரும். சட்டம் இன்னும் இருக்கிறது. அப்போது மற்ற மொழிக்காரனுக்காக முதல் ஆளாகக் கத்துங்கள். பத்து இசைவிழா செய்யாததை அந்தக் கத்தல் செய்யும்.

நல்லிணக்கம் வரும் நாள் ஒன்று இருக்கலாம். வந்தால் நல்லது. அன்றைக்குக் கலைக்கு அழைப்பிதழ் அனுப்பவேண்டியதில்லை, அது தானாக வந்து ஆடும். அதுவரைக்கும் கலையிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: கையெழுத்துப் போடாதே.